மழைக்கு எடுத்த சேலை

ரேடியோ அலைகளைப் பிடிக்கும், மலிவாக வாங்கிய டொங்கிளை மகள் மடிகணினியில் செருகி, ஏரியல் கம்பியை யன்னலிலிருந்து மாமரத்துக்கு இழுத்துக் கட்டினாள். இரைச்சலுக்குள் துறைமுகக் கப்பல்காரர் கதைப்பது கேட்டது.

சண்டைக் காலத்தில் என் அப்பா ஆமிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ரேடியோவிலும் இதே இரைச்சல்தான். அவருடைய ஏரியல் உடுப்புக் கொடிபோலத் தெரியவேண்டும் என்று அம்மா அதில் எந்நேரமும் ஒரு சேலையைப் போட்டிருப்பார். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் மழை இருட்டியது. ஓடிப்போய்ச் சேலையை எடுத்து மடித்து வைத்தேன். அம்மா மெச்சுவார் என்று காத்திருந்தபோது ஆமிக்காரர் வாசல் படலையைத் திறந்தார்கள். செம்புக் கம்பி வெறுமையாக மினுங்கியது. அவர்கள் கூட்டிக்கொண்டு போன அப்பா திரும்பி வரவேயில்லை.

"அம்மா, ஏன் ஏரியலில ஈரத் துவாயைப் போட்டனீங்கள்?" என்றாள் மகள்.

போட்டது எனக்கே தெரியாது.

"மழை வந்தாலும் எடுக்காதை, பிள்ளை" என்றேன்.