கசந்த கடற்பாசி

என் சமையலறையில் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. நோன்பு மாதத்தில் அதில்தான் இனிப்புக் கடற்பாசி காய்ச்சி ஊற்றி, இறுகிவரக் குளிர வைப்பேன். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு உதவியாளராக இருந்தபோது எனக்கு மேலே இருந்த மேடம் கல்யாணப் பரிசாகத் தந்தது. அதன் சோடித் தட்டை அவரே வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து என்றார்.

மேடத்தின் கவலையெல்லாம் சொறிதான். தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும் சின்னப் பூச்சியின் வேலை அது. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் கரையோர வீடுகளில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும். கேட்டால் மட்டும் ஒருவருக்கும் இருக்காது. கல்யாணத்துக்கு நிற்கும் குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்கவே கூடாது. மேடம் வேப்பிலைச் சாற்றில் ஒரு ஜெல் செய்தார். ஆய்வுகூடத்தில் பூச்சி செத்தது. ஆட்களுக்குப் பூசிப் பார்க்க, எங்கள் பீடத்துக்குத் தலைவரான பீடாதிபதியின் கையெழுத்து வேண்டும். பெருநாளைக்கு முன் அது கிடைக்காவிட்டால் ஆய்வையே மூட வேண்டியதுதான். அவரோ, "எங்கட உம்மாவும் வேப்பிலை அரைச்சிப் பூசினவதான். இதுக்கென்னத்துக்கு மேடம் ஆராய்ச்சி?" என்று இழுத்தடித்தார்.

அவர் மனதைக் குளிர்விக்க மேடம் ஆய்வுகூடத்திலேயே நோன்பு திறக்க ஒரு இப்தார் வைத்தார். ஜெல்லை இறுக்கும் இறக்குமதித் தூள் கடைகளில் கிடைக்காத காலம் அது. கடற்பாசியை வைத்துத்தான் சமாளித்தோம். அன்று மேடம் வீட்டிலிருந்து அந்தச் சோடித் தட்டுகள் இரண்டும் வந்தன. ஒன்று மருந்து, மற்றது விருந்து. இரண்டும் பச்சை. வேம்பு மணம் மறைய மருந்துக்கும் ரோஸ் எசன்ஸ் விட்டிருந்தார். வேறு நாளென்றால் எது எதுவென்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்திருப்பார். நோன்போடு எப்படி நக்குவது? ஆய்வுகூடம் நிறையக் கருவிகள் இருந்தும் ஒரு நாக்குக்குப் பஞ்சமாகிவிட்டது.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு கடற்பாசி. பீடாதிபதி ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் அப்படியே நின்றது. மரியாதைக்காரர், துப்பவில்லை. விழுங்கிவிட்டு, பிசுபிசுத்த விரல்களைப் பார்த்தபடி, "இனிப்புக் காணாது மேடம்" என்றார். அடுத்துத் தன் துண்டைக் கடித்த மேடம் வெளிறிப்போனார். "எல்லாம் முடிஞ்சிது புள்ள" என்றார் என் காதில். அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை பீடாதிபதியே வந்தார். மேடம் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் கதவைச் சாத்தினார்.

"நேத்தைய கடப்பாசி மிச்சம் இரிக்கா? திங்க இல்ல. விரல்ல பட்ட இடம் நல்ல குளிர்ச்சி. எங்கட ஊட்டு ஆட்டுக்குச் சொறி."

சாய்ந்தமருதில் அவர் வீட்டில் பூனை படுக்கவே இடமில்லை, ஆட்டை எங்கே கட்டுவது? மேடம் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"கையெழுத்தில்லாம ஒருத்தருக்கும் குடுக்கேலா சேர். குடுத்தாலும் ஒரு ஆட்டுக்குப் பூசிச் சரிவராது. ஊட்டில இரிக்கிற எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில பூசோணும்."

பீடாதிபதி யோசித்தார்.

"பேரப்புள்ளைகளுக்குமா?"

அன்று மாலையே கையெழுத்து வந்தது. இப்போது அந்த ஜெல் அழகான குழாயில் வருகிறது. வாங்க வருபவர்களில் பாதிப்பேர் இன்னும் ஆட்டுக்குத்தான் கேட்கிறார்களாம்.

போன நோன்பில், ஓய்வு பெற்றுவிட்ட பீடாதிபதி எங்கள் வீட்டு இப்தாருக்கு வந்தார். நான் அந்தத் தட்டை நீட்டினேன். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது திங்கிறது சேர்" என்றேன்.

"அண்டைக்கும் திங்கத்தானே புள்ள தந்தீங்க" என்று சொல்லிவிட்டு, பிஸ்மில்லாவைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லி, ஒரு துண்டை எடுத்தார்.