ரேடியோவை அணைத்தவர்

பிறந்த வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது அக்கா. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தலையணையில் தலை சாயும்வரை நிற்காது. கொஞ்சம் நிறுத்தேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கே கால் மணி நேரம் பேசுவாள். கல்யாணம் பேசி முடித்த புதிதில் மாப்பிள்ளை போன் செய்து "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டதற்கு, சமையலில் தொடங்கிப் பக்கத்து வீட்டுப் பூனை வரை போய்விட்டு வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். "நான் பேசாத ஆளு. எனக்கும் சேர்த்து நீயே பேசிடு" என்றார். மனுஷன் தங்கம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வானத்தை முட்டுகிற கட்டடங்கள் உள்ள நாட்டில் அவருக்கு வேலைக்கா பஞ்சம்? கல்யாணமான கையோடு அவளையும் அழைத்துப் போய் ஏழாம் மாடியில் குடிவைத்தார். இரண்டு அறை, திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறை, ஜன்னலைத் திறந்தால் எதிரே அதே அச்சில் வார்த்த இன்னொரு கட்டடம். அந்த ஊர்ப் பேச்சில் அவளுக்கு வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. கடையில் விரலை நீட்டிப் பால் வாங்குவாள். லிஃப்டில் யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரித்துவிட்டுத் தரையைப் பார்ப்பாள். ரேடியோ இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. முதலில் பெரியவள், மூன்று வருஷம் கழித்துச் சின்னவன். எழுந்து ஓட முடியாத நேயர்கள் இரண்டு பேர்! ஜட்டி மாட்டிவிடும்போது ஜட்டிக்கு ஏன் மூன்று ஓட்டை என்று ஒரு கதை. நகம் வெட்டும்போது வெட்டின நகமெல்லாம் எங்கே போய்க் குடித்தனம் பண்ணுகிறது என்று இன்னொரு கதை. பெரியவள் ஒன்றரை வயதிலேயே அம்மாவை எதிர்த்துப் பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். பள்ளிக்குப் போனதும் அந்த ஊர்ப் பேச்சும் அவளுக்குத் தொற்றிக்கொண்டது.

சின்னவன் அப்படியில்லை. கேட்பான், சிரிப்பான், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். வாயைத் திறந்து ஒரு சொல் வராது. இரண்டு வயது தாண்டியும் "அம்மா" என்றுகூட இல்லை. அவருக்கு முகமே கறுத்துப் போனது. குழந்தை மருத்துவர் சொன்னதன்பேரில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சரிடம் நான்கு பேருமாகப் போனார்கள்.

டீச்சர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சின்னவனோடு கட்டை அடுக்கினார். பொம்மை மாட்டைக் கத்த வைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பாமல் அவள் பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். நடுநடுவே தன் வாயருகே விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"என்னங்க சொல்றாங்க?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "வீட்டுல ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னு கேட்டு அவனுக்குக் குழம்புதாம். நீ தமிழ்ல பேசுறதை நிறுத்தணுமாம்."

"சுத்தமாவா?"

"சுத்தமா. இந்த ஊர்ப் பேச்சு மட்டும்தான் காதுல விழணுமாம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?"

"சாராம்சம் இதுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நன்றியை டீச்சரிடம் சொன்னாள். மூலையில் கட்டை விளையாடிக்கொண்டிருந்த பெரியவள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைக்காக மலையைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவள் நாக்கை மடக்கி வைத்தாள். எது கஷ்டம் என்று ரேடியோவைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அக்கா போன் செய்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். கணவரோடு பேசுவதென்றால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குசுகுசுவென்று. மறந்துபோய் ஒரு "அடடா" வந்துவிட்டால் பெரியவள் உதட்டில் விரலை வைத்து "அம்மா, தமிழ்!" என்று எச்சரிப்பாள். அப்பா கொடுத்த வேலை அது.

சின்னவனோடு பேச அந்த ஊர்ப் பேச்சில் அவளிடம் இருந்தவை வா, சாப்பிடு, தூங்கு, வேண்டாம், செருப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா? நாய்க்குட்டிக்கே இதைவிட நாலு வார்த்தை கூட வேண்டும். காய்ச்சலில் அவன் முனகும்போது, என் ராசா, என் கட்டி வெல்லமே என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு ஊமை மாதிரி முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஆரம்பத்தில் அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், இதோ திறக்கப்போகிறது என்பது போல. சில மாதத்தில் பார்ப்பதை விட்டுவிட்டான்.

அவளுக்கு அது தாங்கவில்லை. பெற்ற பிள்ளையோடு பேசுவதற்காகவே அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். சின்னவனை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு, ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராக மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நெருங்கி வந்து சேர்த்து, விலகிப் போய் மறுபடி நெருங்கி வர வேண்டும். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் அந்த ஊர்க்காரி, இவளைவிடப் பெரிய வாயாடி. ஒவ்வொரு முறை நெருங்கி வரும்போதும் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தாள். இஸ்திரி போடுகிற இயந்திரத்தின் மேல் எழுதியிருந்த "தொடக் கூடாது" தான் அவள் முதலில் கற்ற வாக்கியம். தொட்டுக் கை வெந்து கற்றாள்.

முதல் வாரம் வேலை முடிந்து கிளம்பும்போது, போயிட்டு வரேன் என்பதை அப்படியே அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வருவாள் என்று நினைத்து ஜோடிக்காரி கதவைப் பூட்டாமல் வெகுநேரம் காத்திருந்தாளாம். மறுநாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெறுமனே போறேன் என்று சொல்ல மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை.

மூன்று வயதில் சின்னவன் பேசிவிட்டான். பள்ளியில் பேசினான், அந்த ஊர்ப் பேச்சில். அப்புறம் நிற்கவில்லை, அம்மாவின் ரத்தம் அல்லவா! அவர் பூரித்துப் போனார். "பார்த்தியா? டீச்சர் சொன்ன மாதிரி கேட்டோம், பலன் கிடைச்சுது" என்றார். அவளும் அந்த டீச்சர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினாள். மகன் பேசுவதில் முக்கால்வாசி இப்போது அவளுக்குப் புரிந்தது. அவள் திக்கித் திணறிச் சொல்கிற பதிலைக் கேட்டு அவன் கெக்கலித்துச் சிரிப்பான். சிரிக்கட்டும், பேசுகிறானே என்று இருந்தாள்.

நான்கு வயதானதும் டீச்சரிடம் கடைசியாக ஒருமுறை காட்ட வேண்டியிருந்தது. எப்போதும் கணவர்தான் அழைத்துப் போவார். அன்றைக்கு ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். "வேற நாள் போட்டுக்கலாம்" என்று போனில் சொன்னார். "எதுக்கு? நானே போயிட்டு வரேன். எனக்குத்தான் இப்ப பேச வருதே" என்று பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

சின்னவனின் பேச்சைக் கேட்டு டீச்சருக்கு வாயெல்லாம் பல். "அருமை! உங்கள் மொழியிலும் இப்படித்தான் பொரிந்து தள்ளுகிறானா?" என்று கேட்டார். அவளுக்கு நிதானமாகப் புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லை. ஒரு சொல் இல்லை. நான் நிறுத்தினேன். முழுசு. நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன்" என்றாள், வீட்டுப்பாடத்தை முடித்துக் காட்டுகிற பிள்ளையைப் போல.

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. "நான் என்ன சொன்னேன்?"

"என் மொழி நிறுத்த வேண்டும்."

"நிறுத்தவே கூடாது என்றேன். நீங்கள் நிறையப் பேசுகிறவர் என்று உங்கள் கணவர் சொன்னார். அதுதான் இவனுக்கு மருந்து, இன்னும் பேசுங்கள், உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்றேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேனே."

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். மெதுவாக, மறுபடி சொல்லச் சொன்னாள். டீச்சர் சொன்னார். கூடாது. கை வெந்து கற்ற சொல், அதில் தப்பு வர வழியில்லை. கணவர் அந்த ஒரு சொல்லை மட்டும் உருவிப் போட்டுவிட்டு மீதியை அவளிடம் கொடுத்திருக்கிறார்.

பஸ் நிறுத்தத்தில் பெரியவளைப் பார்த்தாள். தமிழிலேயே கேட்டாள். "டீச்சர் அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

பெரியவள் ஷூவின் முனையால் தரையைக் கீறினாள். "தெரியும்மா. நான் சொல்ல வந்தேன். அப்பா அது நம்ம ரெண்டு பேரு ரகசியம்னு சொல்லி ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாரு."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதைச் செய்ததுமில்லாமல், அப்போது ஐந்தே வயதான குழந்தையின் வாயையும் ஐஸ்கிரீமால் அடைத்திருக்கிறார். குழந்தையை என்ன சொல்வது? தலையைத் தடவிக்கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் கை நிறைய கிரீஸோடு வந்தார். மூன்று பேரையும் பத்திரமாக இறக்கியதைச் சொல்லிக்கொண்டே சோப்பு போட்டார். அவள் சமையலறைக் கதவைச் சாத்தவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"டீச்சர் நிறுத்தக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்றார் கடைசியில். "வந்த புதுசுல நான் வாயைத் திறந்தாலே கூட வேலை செய்யறவன் அத்தனை பேரும் சிரிப்பான். நான் பேசற மாதிரியே பேசிக் காட்டுவான். இன்னிக்கும் அதுதான் என் பேரு அங்க. அது என் பிள்ளைக்கு வேண்டாம்னு நினைச்சேன். அவன் நல்லாப் பேசறான்ல? எது கெட்டுப் போச்சு?"

"இதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உங்க பயத்தை ஏங்க அவங்க வாயில வச்சீங்க?"

"நான் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது மழுப்பியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. எனக்கும் சேர்த்து நீயே பேசிடு என்றவர்தான் இந்த ஆள். அவளுக்கு முன்னால் ஒரு முன்பின் தெரியாதவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டுச் சின்னவன் வந்து வாசலில் நின்றான், ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு. அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள். அடைத்து வைத்திருந்தது எல்லாம் தமிழில் கொட்டியது.

"டேய் என் ராசா, என் கட்டி வெல்லமே, எவ்வளவு நாளாச்சுடா உன்கிட்ட பேசி! நான் பேசாம இருந்தது உன் மேல கோபமில்லடா. உனக்கு நல்லதுன்னு நினைச்சேன். அப்பா என்கிட்ட பொய் சொல்லிட்டாரு. நான் நம்பிட்டேன்."

பிள்ளை மிரண்டு போய்ப் பார்த்தான். அவளுடைய கன்னத்தில் ஓடுகிற தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலாக நிமிர்ந்து, அப்பாவிடம் அந்த ஊர்ப் பேச்சில் கேட்டான்.

"அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?"

ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது.

அவர் தொண்டையைக் கனைத்தார். மகனைப் பார்த்து, அதே பேச்சில், மெல்லச் சொன்னார். "உன் மேல அம்மாவுக்கு ரொம்ப ஆசைன்னு சொல்றாங்க."

அதுவும் அவளுக்குப் புரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"மீதியையும் சொல்லுங்க" என்றாள்.