சத்தம் நின்ற பிறகும் அழுத்திய விரல்

அந்த மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. எல்லாருக்கும் அவர் காதுக்காரம்மா. இரண்டாம் மாடியில், படி ஏறியதும் வலப்பக்கம் மூன்றாவது அறை. ஜன்னல் இல்லை, வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருக்கும். அந்த அறையில் பத்தொன்பது வருடமாக மனிதர்களின் காதுகளைச் சோதித்துவந்தார். சோதித்தவர்களை நீல அட்டை நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிவைப்பார். இந்தக் கதை தொடங்கும் திங்கட்கிழமை மாலை அந்த எண் 11,482.

அவருடைய முறை மாறியதே இல்லை. ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க. லேசா கேட்டாலும் அழுத்துங்க" என்பார். முதலில் வலது காது, அப்புறம் இடது. முதலில் நடுத்தரமான ஒலி, பிறகு கீச்சென்ற ஒலி, கடைசியில் உறுமல் போன்ற ஒலி. இந்த வரிசையை லேப்டாப்பில் அவரே அமைத்திருந்தார். ஒரு ஒலிக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்பதுகூட இம்மி பிசகாது. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், "அப்பப்ப மாத்திப் போடணும்மா, இல்லைன்னா மனப்பாடம் பண்ணிடுவாங்க" என்று சொல்லிப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே தராசுதான் டாக்டர்" என்று காதுக்காரம்மா சிரித்துவிட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருட சர்வீஸ். வீட்டில் அவரிடம் எதையும் மூன்று தரம் சொல்ல வேண்டும்.

"நாள் பூரா ஹாரன் சத்தம் கேட்டுட்டு வரேன். வீட்டுலயும் காதைத் திறந்து வெச்சுக்கணுமா?" என்பார் அவர்.

"ஊர்ல உள்ள காதெல்லாம் என் பேச்சைக் கேக்குது. இந்தக் காதுதான் கேக்க மாட்டேங்குது" என்பார் காதுக்காரம்மா. எதிர்வீட்டுக்காரர்கள் வரை இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் சலித்துப்போகாத பகடி அது.

செவ்வாய்க்கிழமை காலை 8.50-க்கு அறையைத் திறந்தபோது அலமாரியில் லேப்டாப் பையைக் காணோம். ஹெட்போனும் பொத்தானும் அதிலேயேதான் இருந்தன. பூட்டு உடையவில்லை. அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவிகள். ஒன்று காதுக்காரம்மாவிடம், இன்னொன்று மாடியைக் கூட்டித் துடைக்கும் ஆயாம்மாவிடம். அவருக்கு வயது நாற்பத்துநான்குதான். ஆனாலும் பெரிய டாக்டர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் ஆயாம்மா.

பெரிய டாக்டர், திங்கட்கிழமை அந்த அறைக்குள் வந்தவர்களின் பட்டியலைக் கேட்டார். காதுக்காரம்மா நோட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்தார்: நோயாளிகள் ஒன்பது பேர், கடைசியாக வெளியே போனவர் மாலை 4.55, பிறகு துடைக்க வந்த ஆயாம்மா, வெளியாள் யாருமில்லை. கீழே கையெழுத்தும் போட்டார்.

அந்தக் காகிதம் போதுமானதாக இருந்தது. வரவேற்பு மேசையில் ஆயாம்மாவின் பையைக் கவிழ்த்தார்கள். சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தார்கள், லேப்டாப் அதற்குள் ஒளிந்திருக்கும் என்பதுபோல.

"நாளைக்கு மதியம் ஒரு மணி வரைக்கும் டைம் தரேன்" என்றார் பெரிய டாக்டர். "வந்துடுச்சுன்னா விட்டுடலாம். இல்லைன்னா போலீஸ்தான். அதோட வேலையும் கிடையாது."

"எடுக்காததை எங்கேருந்து சார் கொண்டுவந்து வெப்பேன்?" என்றார் ஆயாம்மா.



அன்று மாலை மனைவியைக் கூட்டிப்போக வீட்டுக்காரர் வந்தார். லிஃப்ட் பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற ஆயாம்மாவிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசினார். வீட்டுக்குப் போனதும் காதுக்காரம்மாவுக்கு அவரே டீ போட்டுக்கொடுத்தார். "அந்தம்மா எடுத்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை 11.15-க்கு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார் என்பதால் அவருக்கு வயர் என்றே பெயர். ஐம்பதைத் தாண்டிய, தொந்தி சரிந்த மனிதர்.

"அக்கா, ஆறு மாசம் முன்னாடி உங்க லேப்டாப்ல ஒரு சாப்ட்வேர் போட்டேனே, ஞாபகம் இருக்கா? என் கடையில உக்காந்துகிட்டே உங்க லேப்டாப்பைத் திறந்து ரிப்பேர் பாக்குறதுக்கு. அதோட நம்பர் என்கிட்ட தொலைஞ்சுபோச்சு. நீங்க எழுதி வெச்சிருப்பீங்களே?"

நோட்டின் 61-ஆம் பக்கத்தில் இருந்தது. ஒன்பது இலக்கம். அடியில் சிவப்பு மையில் கோடு.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்குப் பொழப்பே ஓடாதுக்கா" என்றபடி வயர் அந்த எண்ணை வரவேற்பிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் தட்டினார். திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"அக்கா! ஆன்ல இருக்கு! இப்ப, இந்த நிமிஷம், யாரோ அதைத் திறந்து வெச்சிருக்காங்க!"

"பாஸ்வேர்டு இல்லாம எப்படித் திறப்பாங்க?"

"அதான் நீங்க முத்து முத்தா எழுதி லேப்டாப்புக்கு அடியிலேயே ஒட்டி வெச்சிருக்கீங்களே."

அப்போது மணி 11.22. திருடனின் திரை அவர்கள் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. படம் பார்க்கிறானோ, விற்க ஆள் தேடுகிறானோ என்று வயர் நாற்காலி நுனிக்கு வந்தார். திரையில் இருந்தது காதுச் சோதனை. காதுக்காரம்மாவின் வரிசைதான் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி விழுந்து, கோடு இழுபட்டது. பக்கத்தில் பழைய சோதனைகளின் பட்டியல்: நேற்று பதினான்கு, இன்று ஐந்து.

காதுக்காரம்மா முதல் சோதனையைத் திறந்தார். கீச்சொலிப் பக்கம் கோடு தொபுக்கடீரென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. வலது காது இன்னும் மோசம்.

"பாவம், நல்லா அடிவாங்கின காது" என்றார். "வருஷக்கணக்கா இன்ஜின் பக்கத்துல இருந்தவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

"திருடனுக்குப் போய் பாவம் பாக்குறீங்களே!"

பிறகு இன்றைய ஐந்தாவதைத் திறந்தார். கோடு மேசை விளிம்புபோல நேராக இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளையின் காது.

"ஒரே நாள்ல காது குணமாயிடுச்சாக்கா?"

காதுக்காரம்மா மவுஸை வாங்கி, அந்த லேப்டாப்பின் சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினார். இப்போது அந்த ஹெட்போனில் எதுவுமே கேட்காது. ஆனால் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. மூன்றாவது நொடியில் ஒன்று, ஏழாவதில் ஒன்று, பன்னிரண்டாவதில் ஒன்று. அவர் போட்ட இடைவெளி, அச்சு அசலாக.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆள் காதால் சோதனை செய்துகொள்ளவே இல்லை. எண்ணிக்கொண்டிருக்கிறான். எங்கேயோ ஒரு சோதனையில் தேறுவதற்காக அவருடைய தராசையே மனப்பாடம் செய்கிறான்.

"கேமராவைத் திறந்து பாக்கலாமா?" என்றார் வயர். "திரையில நம்ம பண்றதெல்லாம் அவனுக்கும் தெரியும். பார்த்தான்னா மூடிட்டு ஓடிடுவான்."

"பாக்க மாட்டான். எண்ணும்போது கண்ணை மூடிக்குவாங்க."

கேமரா திறந்தது. முதலில் தெரிந்தது ஒரு பச்சை ஃப்ரிட்ஜ். அதன் கதவில் ஒரு சீட்டு: "துணி ஊறுது. மெஷினைப் போடவும்." அந்தக் கையெழுத்தைக் காதுக்காரம்மா வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலை 7.40-க்கு அதை எழுதி ஒட்டியவரே அவர்தான்.

ஃப்ரிட்ஜுக்கு முன்னால், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு ஒப்பிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கண்ணை இறுக மூடி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார் அவருடைய வீட்டுக்காரர்.

காதுக்காரம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தார்.  இரண்டு வருடத்துக்கு முன் இந்த அறைக்கு வர்ணம் பூசியபோது ஒரு வாரம் அந்த லேப்டாப்பை வீட்டில் வைத்து வேலை பார்த்தார். வீட்டு இன்டர்நெட் அதற்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

வயர் மெதுவாக எழுந்தார். "அக்கா, நான் ஒண்ணும் பாக்கலை. வெளியில நிக்கிறேன்."

தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை மாலை 5.40. ஒரு ஃபைலைக் கொடுக்க மூன்றாம் மாடிக்குப் போனார். திரும்பியபோது 5.48. அந்த எட்டு நிமிடமும் அறையில் உட்கார்ந்திருந்தவர், அவரைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர். யூனிஃபார்ம் வைக்கும் பெரிய பை மடியில் இருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தார். "5.40 – 5.48 மூன்றாம் மாடி" என்று அவரே எழுதியிருந்தார். யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. புருஷனை யாராவது ஆள் கணக்கில் சேர்ப்பார்களா?

"வெளியாள் யாருமில்லை." அதன் கீழே அவருடைய கையெழுத்து. கீழ்த்தளத்தில் அந்தக் கையெழுத்தினால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

சோதனையை நிறுத்தினார். வீட்டுக்காரர் எண்ணிக்கொண்டே இருந்தார், அழுத்திக்கொண்டே இருந்தார். காதுக்காரம்மா திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெரிய எழுத்தில் தட்டினார்: "ஏங்க. கண்ணைத் திறங்க."

எப்படித் திறப்பார்? லேப்டாப்பின் சத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றி, வலது காதுக்கு மட்டும் கீச்சொலியை அனுப்பினார். 30 டெசிபல். அசைவில்லை. 40. 50. இந்த அளவு நல்ல காதுக்குத் தெளிவாகவே கேட்கும். 60. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. 65. 70-இல் புருவம் லேசாகச் சுருங்கியது. கண் திறந்தது.

பத்தொன்பது வருடப் பழக்கம். அவருடைய கை தானாக நோட்டில் எழுதியது: வலது, 70.

மூன்று தரம் சொல்லியும் கேட்காத அத்தனை வார்த்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தலையில் வந்து விழுந்தன. பதினோராயிரம் காதுகளைப் பார்த்தவர், ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு காதுகளைப் பார்க்கவில்லை. பார்க்காததோடு சிரித்தும் இருக்கிறார், எதிர்வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு.

திரையில் இருந்ததை வாசித்த வீட்டுக்காரர் பேயறைந்ததுபோல ஆனார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார்: "எப்ப இருந்து பாக்குற"

"11.22-ல இருந்து."

"வர்ற திங்கக்கிழமை டிரைவர்களுக்கு உங்க ஆஸ்பத்திரியிலதான் டெஸ்ட். நீதான் டெஸ்ட் பண்ணுவ. நீ ஒரு புள்ளி மாத்த மாட்ட. எனக்குத் தெரியும்"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வீட்டுக்காரர் ஏதோ தட்டினார், அழித்தார். பிறகு வந்தது: "உன்கிட்டதான் சொல்ல முடியலை"

காதுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்: "ஆயாம்மா கீழே உக்காந்திருக்கு. ஒரு மணிக்குப் போலீஸ். லேப்டாப்போட வாங்க."

"பஸ்ஸைப் பிடுங்கிடுவாங்க"

"வாங்க."

12.35-க்கு வந்தார். பெரிய டாக்டரின் அறையில் நான்கு பேர் நின்றார்கள். மேசைமேல் லேப்டாப் பை. நடந்ததை அவரே தலை குனிந்தபடி சொன்னார். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

ஆயாம்மா தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

"என்னம்மா?" என்றார் வீட்டுக்காரர்.

ஆயாம்மா இன்னும் ஒரு எட்டு கிட்டே வந்து சத்தமாகக் கேட்டார். "நேத்து லிஃப்ட்கிட்ட, 'அழாதம்மா, கிடைச்சுடும்'னு சொன்னீங்களே அண்ணே, அப்ப இது எங்க இருந்துச்சு?"

"பரண்மேல."

அவர் முதல் தரம் கேட்காமல் விட்டதை அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

"போன மாசம் ஒரு சைக்கிள்காரர் மணி அடிச்சிருக்காரு" என்றார் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே. "எனக்குக் கேக்கலை. கண்டக்டர் கத்தியிருக்காரு. அதுவும் கேக்கலை. கண்ணாடியில தற்செயலா பார்த்துப் பிரேக் போட்டேன். ஒரு சாண் இடைவெளி. அன்னைக்கே வண்டி ஓட்டுறதை விட்டுருக்கணும்."



பெரிய டாக்டர் ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார். ஆயாம்மா காதுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதிக் கொடுத்த சீட்டை வெச்சுத்தானே அக்கா என் பையைக் கொட்டுனாங்க. உங்க எழுத்துல தப்பே வராதுன்னாங்க."

காதுக்காரம்மா மேசையிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்தார். "வெளியாள் யாருமில்லை" என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: "மாலை 5.40 முதல் 5.48 வரை என் கணவர் தனியாக இருந்தார். இதை நான் எழுதாமல் விட்டேன்." தேதி, நேரம், கையெழுத்து. பெரிய டாக்டரிடம் கொடுக்கவில்லை. ஆயாம்மாவின் கையில் கொடுத்தார்.

ஆயாம்மா அதை எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தார். நான்காக மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தார். "நாளைக்கு வர மாட்டேன். நாளன்னைக்கு வரேன்" என்றார். "ஆனா அந்த ரூம் சாவி எனக்கு வேண்டாம். நீங்களே திறந்து விடுங்க, நீங்க நிக்கும்போதே துடைச்சிட்டுப் போறேன்." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

1.10-க்குக் காதுக்காரம்மா இரண்டாம் மாடி அறையைத் திறந்தார். வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டுமுன் குனிந்து முகத்துக்கு நேராகச் சொன்னார்: "சத்தம் கேட்டா அழுத்துங்க. லேசா கேட்டாலும் அழுத்துங்க."

நோட்டில் 11,483 என்று எழுதி, எதிரே 'கணவர்' என்று போட்டார். பிறகு பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வரிசையைக் கலைத்தார். இடது காதில் தொடங்க வைத்தார். இடைவெளிகளை மாற்றினார்.

மூன்றாவது நொடியில் வீட்டுக்காரரின் விரல் அழுத்தியது. சத்தம் எதுவும் அனுப்பப்படவில்லை. ஏழாவது நொடியில் மறுபடி விரல் எழுந்தது, பாதியில் நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். காதுக்காரம்மா இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்காரர் எண்ணுவதை நிறுத்தினார். உதடு அசையவில்லை. கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கேட்பதற்காகக் காத்திருந்தார்.