எதிர் மேஜையில் ஒரு முகம்

பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ராஜபாண்டி திரும்ப மாட்டார். கையிலிருக்கும் டீஷர்ட்டை நீவிக்கொண்டே எதிர் மேஜையில் நிற்கும் கோமளாவின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். கோமளா தன்பாட்டுக்குத் துணிப் பீஸ் மடித்துக்கொண்டிருந்தால், கூப்பிட்டது யாருமில்லை என்று அர்த்தம். அவள் தலை நிமிர்ந்து, "உங்களைத்தானுங்க, சூப்பர்வைசர் கூப்புடறாரு" என்றால் மட்டும் அயர்ன் பெட்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத் திரும்புவார்.

பெருமாநல்லூர் ரோட்டிலுள்ள அந்தப் பனியன் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் அவருக்குக் காது மந்தம் என்று நினைப்பார்கள். சிலர் திமிர் என்பார்கள். இரண்டும் இல்லை. காது நன்றாகவே கேட்கும். இல்லாததும் சேர்ந்து கேட்கும், அதுதான் தொல்லை.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல கனத்த உடம்பு. மாதாமாதம் போடும் ஊசி பசியைக் கிளப்பிவிடுகிறது என்று ஊசியின் மேல் பழி போடுவார். டாக்டர் சொன்னபடி டீயில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அதை வர்க்கி தின்று நேர் செய்துவிடுவார். அளவு தப்பி ஒதுக்கப்பட்ட எக்ஸ்போர்ட் டீஷர்ட்தான் அவருடைய அன்றாட உடை. நெஞ்சில் ஏதோ ஒரு கால்பந்துக் குழுவின் பெயர் பெரிதாக இருக்கும். எந்த நாட்டுக் குழு என்று அவரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.

முன்பு ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். கை வேகத்துக்குப் பெயர் எடுத்தவர். ஒருநாள் மெஷினுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் பேசத் தொடங்கினார்கள். "இப்ப நூலை மாத்துறான் பாரு. இப்பத் தண்ணி குடிக்கான் பாரு." செய்வதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "நம்மூர்ப் பேச்சுலயே பேசுவாய்ங்க. மூஞ்சி மட்டும் இருக்காது" என்பார் ராஜபாண்டி. முதலாளி மெஷினுக்குள் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார் என்று நினைத்து மெஷினையே கழற்றிப் போட்டார். மனைவி வினிதா வைத்த ரசத்தில் விஷம் இருக்கிறதென்று தள்ளிவிட்டார். பிறகு ஒரு மத்தியானம் மகள் ஜோதிகாவின் குரல், "அப்பா, அப்பா" என்று அழுதது. நொய்யல் ஆற்றில் இடுப்பளவுச் சாயத் தண்ணீரில் இறங்கிப் பிள்ளையைத் தேடினார். பிள்ளையோ அப்போது பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையை உரித்துக்கொண்டிருந்தது.

கயிறு கட்டிப் பார்த்தார்கள், ஜெபம் பண்ணிப் பார்த்தார்கள். கடைசியில்தான் ஆஸ்பத்திரி. மனச்சிதைவு என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "பேயும் இல்ல, யாரோட சாபமும் இல்ல. மூளை தானா உண்டாக்கற சத்தம். மருந்துல குறையும், வேலைக்கும் போகலாம். நல்லாயிட்டோம்னு நிறுத்திடாதீங்க." ராஜபாண்டி நல்லாயிட்டோம் என்று நிறுத்தினார். நம்மில் யார்தான் நிறுத்த மாட்டோம். மழைக்காலம் முடிவதற்குள் அந்த இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் மாத்திரை போய் ஊசி வந்தது. விரல்களில் லேசான நடுக்கமும் வந்தது. அதற்கு ஒரு மாத்திரை தருகிறார்கள், முக்கால்வாசி நிற்கிறது. "மெஷினுக்கு அது பத்தாது, அயர்னுக்குப் போதும்" என்று மேஜை மாறிக்கொண்டார்.

பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சொன்னதும் அந்த டாக்டர்தான். சத்தம் இப்போது முழுக்கப் போய்விடவில்லை. அடுத்த வீட்டு டிவி அளவுக்கு இறங்கியிருக்கிறது. வேலை நெருக்கும் நாட்களில் அவர் அடிக்குரலில், "இன்னைக்குச் சரக்கு டெஸ்பாட்ச் இருக்குய்யா, பெறகு வாங்க" என்பார்.

"ஏனுங்க, வந்துட்டாங்களா?" என்பாள் கோமளா, மடிப்பதை நிறுத்தாமல்.

"வந்தாய்ங்கக்கா. போகச் சொல்லிட்டேன்."

இவ்வளவையும் சமாளித்தவர் ஒன்றில் மட்டும் தோற்றார். நோய் முற்றியிருந்த நாட்களில் ஜோதிகாவைச் சாத்தூரில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள், படிப்பும் அங்கேயே என்றாகிவிட்டது. போன தீபாவளிக்கு வந்த பிள்ளை, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட ஆசையாகக் கம்பெனி வாசலுக்கு ஓடிவந்தது. "அப்பா" என்று கூப்பிட்டது. கோமளா அன்று லீவு. பார்ப்பதற்கு எதிரே முகம் இல்லை. நொய்யலுக்கு இழுத்துப் போன அதே குரல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை மறுபடி கூப்பிட்டது, நின்று பார்த்தது, போய்விட்டது. சாத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு போனில் ஒரே ஒரு வரி சொன்னது. "அப்பாவுக்கு என்னையப் பிடிக்கல. நான் இனிமே வரல."

அன்றிரவு அவர் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தார். நோய்க்காகக் கூட அப்படி அழுது பார்த்ததில்லை என்று வினிதா சொன்னாள்.

முழுப்பரீட்சை லீவு விட்டதும் வினிதாவே சாத்தூர் போனாள். திரும்பும் பஸ்ஸில் மகளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "அப்பா காதுக்குள்ள ஆளே இல்லாம சத்தம் வரும். உன் குரல்லயும் வரும். அதான் திரும்ப மாட்டாங்க. முன்னாடி போய் நின்னு கூப்பிடணும்."

"எதுக்கு என் குரல்ல வருது?"

"ரொம்ப நெனைக்கிறவங்க குரல்லதான வரும்." டாக்டர் இப்படிச் சொல்வாரா தெரியாது. பிள்ளைக்கு இது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். அயர்ன் மேஜையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மாவோடு வாசலில் வந்து நின்ற பிள்ளைக்கு, அப்பாவின் முதுகைக் கண்டதும் பஸ்ஸில் கேட்டதெல்லாம் மறந்துவிட்டது. "அப்பா" என்றது.

ராஜபாண்டி தேய்த்துக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை. கண் கோமளாவைத் தேடியது. கோமளா தலை நிமிர்ந்துதான் இருந்தாள். ஆனால் அவள் வாசலில் நின்ற பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாசலில் ஜோதிகாவின் முகம் வாடிவிட்டது. வினிதா வாயைத் திறப்பதற்குள் பிள்ளைக்கே நினைவு வந்திருக்க வேண்டும். பீஸ் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, கோமளாவை இடித்துத் தள்ளி அவள் நின்ற இடத்தில் தான் நின்றுகொண்டது. மேஜைக்கு மேல் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"அப்பா."

ராஜபாண்டி இந்த முறை கோமளாவைப் பார்க்கவில்லை. அயர்ன் பெட்டியைத் தாங்கியில் நிறுத்தினார்.