நாய்களோடு சாஸ்தா கோயிலுக்கு

நாய்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் பங்குனி உத்திரத்துக்கு வர வேண்டும் என்று என் கணவரின் அண்ணன் உத்தரவு போட்டார். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. என் மகளுக்குக் கல்லூரிக்குப் போகும் வயதாகியும், நான் எதிரே நிற்கும்போதே என் கணவரைப் பார்த்துத்தான் பேசுவார். "ஏலே, ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. சாமி கும்பிடப் போற எடத்துக்கு நாயெல்லாம் வரப்படாது." நான் சுவர் மாதிரி நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை காலம்தான் சுவராக இருப்பது? எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சாஸ்தா உண்டு. எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்தன்று அங்கே போய் நின்றாக வேண்டும். எங்கள் சாஸ்தா கடலோரத் தேரிக்காட்டில், சிவந்த மணல்மேட்டில் இருக்கிறார். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பங்காளி வீடுகள் எல்லாம் ஒரே பஸ்ஸில் போவோம். கோயில் முன்னால் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்போம். பொங்கி முடிந்ததும் மூத்தவர் என்ற முறையில் கணவரின் அண்ணன் பெரிய உருளியோடு வருவார். ஒரு வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கரண்டி உருளியில் போட வேண்டும். பிறந்து கண் திறக்காத பிள்ளைக்கும் ஒரு கரண்டி உண்டு. அதுதான் சாமிக்குப் படையல். எந்த வீட்டுப் பொங்கல் உருளியில் விழவில்லையோ, அந்த வீடு அந்த வருஷம் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று கருப்பு, ஒன்று செவலை. செவலைக்கு மூன்று கால்தான். குட்டியாக இருந்தபோது எங்கள் ஊர் மில் வாசலில் லாரியில் அடிபட்டுக் கிடந்ததை மகள் தாவணியில் சுற்றித் தூக்கி வந்தாள். நாங்கள் ஒரு பொழுது வெளியே போனாலும் இரண்டும் தண்ணீரில்கூட வாய் வைக்காது. வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். இதுகளைப் பூட்டிப் போட்டுவிட்டு எந்தச் சாமியைக் கும்பிடுவது?

"நாய் வந்தா நாங்களும் வருவோம். பஸ்ல எடமில்லன்னா நம்ம வண்டியில போவோம்" என்றேன் கணவரிடம். அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. பைய யோசித்துவிட்டு, "அண்ணன் ரொம்பக் கோவப்படுவாவ" என்றார். படட்டும் என்றேன். மறுநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டார். அவர் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

எங்கள் வேன் கல்யாண வீடுகளுக்கு ஓடிக் களைத்த வண்டி. புது வண்டிகள் வந்தபின் சவாரிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகை அடித்தார், மேலே மெத்தை போட்டோம். பலகைக்குக் கீழே தண்ணீர் டிரம், சின்னக் கேஸ் அடுப்பு, அரிசி டப்பா. ஜன்னலுக்கு என் பழைய சேலைதான் திரை. தெருவில் ஒருத்தி, "குடும்பத்தோட நரிக்குறவர் மாதிரி கெளம்பிட்டீளா" என்று கேட்டாள். அவர்களுக்காவது ஊர் சுற்ற வாய்த்ததே, உனக்கு என்ன வாய்த்தது என்று கேட்டேன்.

உத்திரத்துக்கு முன்னதாகவே கிளம்பி, நேராகத் தேரிக்காட்டுக்குப் போகாமல் வள்ளியூர் வழியாகக் கன்னியாகுமரி போய், அங்கிருந்து கடலை ஒட்டியே வருவது என்று முடிவு. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ்காரர் வண்டியை எட்டிப் பார்த்து, நாய்க்கு ரூம் கிடையாது என்றார். நாங்கள் ரூமே கேட்கவில்லை. வழி கேட்கத்தான் நிறுத்தியிருந்தோம். மகள் சிரித்த சிரிப்பில் கருப்பு குரைக்க ஆரம்பித்துவிட்டது.

கூட்டப்புளி தாண்டி ஓரிடத்தில் இறங்கினோம். செவலை கடலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. அலை வந்தால் பின்வாங்கும், அலை திரும்பினால் மூன்று காலால் விரட்டிக்கொண்டு ஓடும். தான் குரைத்துத்தான் கடல் ஓடுகிறது என்று அது நம்பிவிட்டது. எனக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியது, ஏன் மறைக்க வேண்டும்? உவரியில் மீன் விற்கும் அம்மா ஒருத்தி நாய்களுக்கு மீன்தலைகள் கொடுத்தாள். நாங்கள் கோயில் விரதம் என்றதும் தயங்கினாள். விரதம் எங்களுக்குத்தான், அதுகளுக்கு யார் விரதம் சொன்னது என்றேன். மணப்பாட்டு மணலில் நாய்களின் தண்ணீர்ச் சட்டியை மறந்து வைத்துவிட்டு வந்தோம். அந்த மறதிதான் பிறகு வேலையைக் காட்டியது.

உத்திரத்தன்று காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. வெயில் ஏறிச் செம்மணல் காலைச் சுட்டது. செவலை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டி நிழலில் சரிந்து படுத்துவிட்டது. சட்டி இல்லை. மகள் யோசிக்கவே இல்லை. பொங்கலுக்கென்று வாங்கிய புது வெண்கலப் பானையில் தண்ணீர் பிடித்து வந்து செவலையின் முன்னால் வைத்தாள். அத்தனை பங்காளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, பானைக்குள் தலையை விட்டு மடமடவென்று குடித்தது.

கணவரின் அண்ணன் வந்தார். வழக்கம் போல என் கணவரைப் பார்த்தார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நாய் வாய் வச்ச பானை இந்த வரிசையில ஏறப்படாது."

கோயில் வாசலில் எங்கள் காவல்சாமி நிற்கிறார். அவர் காலடியில் ஒரு சுதைநாய்ச் சிலை உண்டு. வருஷா வருஷம் அதற்கு வர்ணம் அடிப்பதும் மாலை போடுவதும் இதே அண்ணன்தான். அன்றும் அதன் கழுத்தில் புது மாலை கிடந்தது.

"அத்தான்" என்று அவரை நானே கூப்பிட்டேன். நேருக்கு நேராக. "சாமி காலடியில நிக்க நாய்க்கு நீங்க மாலை போடுதீங்க. இது உசுரோட இருக்கதுதான் குத்தமா?"

அவர் முகம் கறுத்துப் போய்த் திரும்பி நடந்தார். நான் பானையைப் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்தது அவருக்காக அல்ல, எந்தப் பானையையும் தேய்த்துத்தான் உலை வைப்பேன். வரிசையில் எங்கள் இடத்திலேயே இரண்டு கல் வைத்தேன். மூன்றாவது கல்லை என் கணவர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் முன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர், அன்று பனைமட்டையை முறித்து அடுப்புக்குள் தள்ளித் தீயும் மூட்டினார்.

பால் பொங்கியது. மற்ற பானைகள் பொங்கியபோது எல்லாப் பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். எங்கள் பானைக்கு ஒருத்தியும் போடவில்லை. நான் தனியாகப் போட்டேன். தொண்டை கட்டும்வரை போட்டேன். வண்டியடியில் இருந்த கருப்பும் செவலையும் தலையைத் தூக்கி என்னோடு சேர்ந்து ஊளையிட்டன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

பிறகு உருளி வந்தது. கணவரின் அண்ணன் ஒவ்வொரு அடுப்பாக நின்று நின்று எங்கள் அடுப்புக்கு வந்தார். தாண்டிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் நானே எடுத்துக்கொண்டு போய்ச் சாமி முன்னால் வைப்பது என்று கரண்டியை இறுகப் பிடித்திருந்தேன். அவர் நின்றார். என் கணவரைப் பார்க்கவில்லை.

"பானைய நல்லாத் தேச்சியாம்மா?" என்றார், என்னிடம்.

"தேச்சேன் அத்தான்."

உருளியை நீட்டினார். எனக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று போட்டேன். உருளியை எடுத்துக்கொண்டு நகரப் போனார். நான் இன்னும் முடிக்கவில்லை என்று கரண்டியை மறுபடியும் பானைக்குள் விட்டேன். அவர் உருளியைப் பிடித்தபடி நின்றார். நான்காவது விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தது. அவர் வண்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த அடுப்புக்கு நடந்தார்.