எதிர் ஃப்ளாட்டு லேப்டாப்

தோஹாவில், நஜ்மா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்த காலம் அது. என் விசாவில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றும், அதன் கீழே வேலை செய்ய அனுமதி இல்லை என்றும் அச்சடித்திருந்தது. கணினிப் பொறியியல் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வேலை பிடித்துப்போகத் தொடங்கிய நேரத்தில் கல்யாணமாகி வந்தவள் நான். கணவர் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் சைட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வர இருட்டிவிடும். இடையில் நானும் ஜன்னல் ஏசியும்தான். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். வானம் பார்க்க வேண்டுமென்றால் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஒரு பக்கம் திறப்பதற்குள் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஒரு நாள் நானே மெமரி வாங்கி வந்து, அடிப்பக்க மூடியைக் கழற்றிப் போட்டேன். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்படிக் கேட்டுக்கொண்டவர்களில் எதிர் ஃப்ளாட்டுக்காரரும் ஒருவர்.

அந்தத் தம்பதி யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் ஏதோ ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய பேச்சு. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிடுவார். அவர் மனைவியை விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே வெளியில் பார்க்க முடியும். பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் அவள் என் கதவைத் தட்டினாள். கையில் சிறிய பிளாஸ்டிக் உறை.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. என்ர கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. நீங்கள் மெமரி போடுவியள் எண்டு இவர் சொன்னவர். இவரே வாங்கித் தந்திட்டார்."

"அதுக்கென்ன, எடுத்துட்டு வாங்க."

"இல்லை அக்கா, எங்கட வீட்டிலயே செய்வமே? ஃபோன் வரும்."

என் வீட்டு அளவுதான் அவள் வீடும். ஹாலில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப், பக்கத்திலேயே தரைவழித் தொலைபேசி. நான் மின் இணைப்பை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, உடம்பில் நிலைமின்சாரம் ஏதும் இருந்தால் இறங்கட்டும் என்று ஜன்னலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன். அவளும் எதற்கென்று கேட்காமல் தானும் தொட்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாங்கித் தந்த மெமரிப் பட்டை அதில் உட்காரவில்லை. பட்டையில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில், செருகுமிடத்தில் இருக்கும் மேடு வேறு இடத்தில்.

"இது வேற ரகம். பின் தெருக் கடையில கொடுத்தா மாத்தித் தருவாங்க. வாங்க, போயிட்டு வந்துடலாம்."

அவள் தொலைபேசியைப் பார்த்தாள். சொல்லி வைத்ததுபோல அது அடித்தது.

"ஓம்… ஓம். அக்காதான் வந்திருக்கிறா… இல்லை, ஒருத்தரும் வரேல்லை… ஓம்." வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "இப்ப எடுத்திட்டார். இனிக் கொஞ்ச நேரத்துக்கு எடுக்கமாட்டார். ஓடிப்போய் வருவமே?"

அப்போதுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் புரிந்தது. நாங்கள் உண்மையிலேயே ஓடினோம். வெயிலில், கடைகளின் நிழலில் ஒட்டிக்கொண்டு, அவள் எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கடையிலிருந்த மலையாளி சரியான பட்டையை எடுத்துக் கொடுக்கும்வரை கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். திரும்பி வரும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாடியைத் தாண்டும்போதே மேலே அவள் வீட்டுக்குள் மணி அடிப்பது கேட்டது. அவசரத்தில் அவளுக்குச் சாவி துவாரத்தில் நுழையவில்லை. நான்தான் வாங்கித் திறந்தேன். மணி நின்று, மறுபடி தொடங்கியது.

"குளிச்சுக்கொண்டு நிண்டனான்," என்று ஃபோனில் சொன்னாள். குரலில் சிறு பிசிறுகூட இல்லை. மற்றக் கை மட்டும் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

பட்டையைச் சாய்வாக நுழைத்து, மெல்ல அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடித்துக்கொண்டன. கணினி எழுந்து புதிய அளவைக் காட்டியது. அவள் கைதட்டிச் சிரித்தாள். நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் திரையில் அம்புக்குறி அவ்வப்போது ஒரு கணம் உறைந்து உறைந்து நகர்ந்தது. இவ்வளவு மெமரி போட்ட பிறகு அப்படி உறையக் கூடாது. வேலை இல்லாமல் கிடந்த என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. வைரஸ் ஏதாவது இருக்கும் என்று தடுப்பு மென்பொருளைத் திறந்தேன். எல்லாம் சுத்தம் என்றது. அதன் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தபோது, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் சோதிக்க வேண்டாம் என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த ஃபோல்டரைத் திறந்தேன். முழுக்கப் படங்கள். ஒன்றைத் தட்டினேன். அவளுடைய மின்னஞ்சல் பக்கத்தின் படம். அடுத்ததும் அப்படியே. அவள் திரையில் என்னவெல்லாம் தெரிந்ததோ அதையெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை படம் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது ஒரு நிரல்.

அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து வாசித்தாள்.

"இது நான் தங்கச்சிக்கு எழுதினது." தங்கை டொராண்டோவில் இருந்தாள். "இதுவும். அக்கா, இது எப்பிடி இதுக்குள்ள வந்தது?"

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இருந்ததை அப்படியே சொன்னேன். அவர்தான் வைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்த லேப்டாப்பைத் தொட்டவர்கள் அவர்கள் இருவர்தான்.

அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

"அப்ப தங்கச்சி சொல்லேல்லை," என்றாள். "அக்கா, அவள் சொல்லேல்லை."

பிறகு தரையில் உட்கார்ந்து சொன்னாள். சில மாதங்களுக்கு முன் தங்கைக்கு, இந்த வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது அவர், "உமக்கு இஞ்ச மூச்சு முட்டுதாமே?" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு தரமும் அப்படி. தங்கைதான் அவருக்குத் தகவல் கொடுக்கிறாள் என்று இவள் முடிவு செய்துவிட்டாள். கண்டபடி எழுதிவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டாள். போரில் வன்னிப் பாதை அடைபட்டு, ஊரில் இருந்த தாயோடு தொடர்பு அறுந்திருந்த நேரம். உலகத்தில் மிச்சமிருந்த ஒருத்தியையும் தானே வெட்டிவிட்டிருந்தாள்.

நான் அந்த நிரலை அழிக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். அழிச்சா எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிடும்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் அது படம் பிடித்திருக்கும். தேடினேன். இருந்தது. ஃபோல்டருக்குள்ளேயே அந்த ஃபோல்டரின் படம். நிரலைத் தற்காலிகமாக நிறுத்தி, நாங்கள் பார்த்ததை அது பிடித்த படங்களை மட்டும் அழித்து, கணினியை அணைத்து மறுபடி போட்டேன். அது தானாகவே எழுந்து தன் வேலையைத் தொடங்கியது. அம்புக்குறி மறுபடி உறைந்து உறைந்து நகர்ந்தது. நான் போட்டுக் கொடுத்த மெமரியில் அந்த நிரல் தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள், தொலைபேசி அடித்து ஓய்ந்ததும் என் வீட்டுக்கு வருவாள். என் லேப்டாப்பில் அவளுக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கு திறந்து கொடுத்தேன். கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்காதே, உன் பெயரும் பிறந்த நாளும் அதில் வரக் கூடாது, முடித்ததும் வெளியேறாமல் எழுந்திருக்காதே என்றெல்லாம் சொல்லித் தந்தேன். தங்கைக்கு அவள் எழுதிய முதல் அஞ்சல் மன்னிப்பு. பதில் வந்ததை என் சமையலறை வாசலில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தாள்.

ஆனால் தெரிந்துகொண்டது அவளுக்கு விடுதலையாக இல்லை. தன் லேப்டாப்பைத் தொடாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று, தினமும் அதில் உட்கார்ந்து சமையல் குறிப்பும் கோயில் படங்களும் பார்த்தாள்.

"முந்தி எண்டாலும் தனியா இருக்கிறன் எண்டு நினைச்சு அழுவன், அக்கா. இப்ப அதுவும் ஏலாது. எந்த நேரமும் ஒராள் பாத்துக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்கு. மேசைக்கு முன்னால இருந்து சும்மா சிரிக்கிறன்."

அந்த நாட்களில் ஒரு மாலை நான் என் லேப்டாப்பின் ஒவ்வொரு மூலையையும் துருவிக்கொண்டிருந்தேன். கணவர் வந்ததைக் கவனிக்கவில்லை. ஷூவைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றார்.

"என்னத்தத் தேடுற?"

"நீங்க ஏதாச்சும் போட்டு வச்சிருக்கீங்களான்னு."

விளங்காமல் பார்த்தார். விளக்கிச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு மெயில் திறக்கவே நீதானடி சொல்லிக்குடுத்த," என்றார்.

அவ்வளவுதான். கோபிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். என் கணினியில் எதுவும் இல்லை. அதைக் கண்டு நிம்மதி வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னை யாரும் கண்காணிக்கத் தேவையே இல்லை, நான் எங்கே போய்விடப்போகிறேன் என்று தோன்றியது. விசா இருக்கிறது, வெயில் இருக்கிறது, சுவர் இருக்கிறது.

ரமலான் முடிந்து வந்த வாரத்தில் அவள் நேரம் பார்க்காமல் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எழுதிப் போட்டன் அக்கா."

"யாருக்கு? தங்கச்சிக்கா?"

"அவருக்கு."

தன் லேப்டாப்பில் நோட்பேடைத் திறந்து, அவர் வாசிப்பார் என்று தெரிந்தே, அவருக்கு எழுதியிருக்கிறாள். நீங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது; அதைத் தங்கை சொல்லவில்லை, நானே சொல்கிறேன். என் பாஸ்போர்ட்டைத் தாருங்கள், கொழும்பில் மாமி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன். இதை எழுதி, அது படமாகும்வரை திரையிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம்.

"முகத்துக்கு முன்னால நிண்டு சொல்லப் பயம். இது எண்டா அவர் வாசிக்கேக்க நான் முன்னால நிக்கத் தேவையில்லைதானே."

"நான்தான் கண்டுபிடிச்சுச் சொன்னேன்னு தெரிஞ்சா?"

"உங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை."

அவர் சில நாட்கள் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல வந்தார், சாப்பிட்டார். பகலில் தொலைபேசி மட்டும் அடிக்கவில்லை. அந்த அமைதிதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. வீட்டிலேயே கிடந்து காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் மதியம் அலுவலகத்திலிருந்து நேரத்தோடு வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "பாதுகாப்புக்குத்தான் போட்டனான்," என்றாராம். "கொம்பியூட்டருக்கா, எனக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் எழுந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொண்டுவந்து வைத்தார். அதோடு அவளுடைய கல்யாணப் படங்களும், அப்பாவின் கடைசிப் படங்களும் போயின. வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது அவளுக்கும் விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று ஊகித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு படியில் எதிர்ப்பட்டால் அவர் எனக்கு வழிவிடுவதில்லை. சுவரைப் பார்த்தபடி தாண்டிப் போவார். அவளோடு பேச எனக்குக் கிடைத்ததெல்லாம், குப்பைப் பையைக் கதவருகே வைக்க வரும்போது ஓரிரு சொற்கள்; அந்த மதியம் நடந்ததும் அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதுதான். ஒரு நாள் அப்படி வைத்துவிட்டு, "பாஸ்போர்ட் தந்திட்டார் அக்கா," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எதனால் மனம் மாறினார் என்று கேட்க நேரமில்லை. உள்ளே அவர் இருமுவது கேட்டது.

அடுத்த வாரம் பெட்டியோடு அவர்கள் லிஃப்டுக்குக் காத்து நின்றதைப் பார்த்தேன். பெட்டியை அவரே தூக்கி வைத்தார். கதவு மூடும் முன் அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல், நேராக என்னைப் பார்த்தாள்.

கொழும்பிலிருந்து அவளுடைய அஞ்சல் வர வெகுநாள் ஆயிற்று. திரும்பி வரவில்லை என்று எழுதியிருந்தாள். ஒரு பாடசாலை அலுவலகத்தில் வேலை. தங்கை அந்த வருடம் வந்துபோவாளாம். அவர் தொலைபேசியில் பேசுகிறார், சில நேரம் அழுகிறார், என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

அதை அன்று மாலை கணவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, டிவியின் ஒலியைக் குறைத்தார்.

"ஏன், உனக்கும் இங்க மூச்சு முட்டுற மாதிரிதான் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "இருக்கு," என்றேன்.

அவர் டிவியை அணைத்தார். பிறகு, எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று கேட்டார். வந்த முதல் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழம்பு ஆறிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அன்று எதுவும் முடிவாகவில்லை. அதற்குப் பிறகும் சில வருடங்கள் நான் அதே ஃப்ளாட்டில்தான் இருந்தேன். ஆனால் அப்படி ஒன்று எனக்குள் இருக்கிறது என்று அந்த வீட்டில் இன்னொருவருக்கும் அன்று தெரிந்தது.