முடிச்சுப்போட்ட சண்டை

1987 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து வாசல் தெளித்தேன். ஆறரைக்குப் பால் சொசைட்டியில் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டு வந்தேன். ஏழேகாலுக்குக் கம்மஞ்சோறும் மோரும். என் முதல் டைரியில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. கீழே, வேறு மையில், இன்னும் ஒரு வரி. அதை நான் அன்று எழுதவில்லை.

அந்த டைரி ஒரு பேச்சுப்போட்டியில் கிடைத்த பரிசு. ஆகஸ்டில் கொடுத்ததால் முதல் ஏழு மாதப் பக்கங்களும் வெற்றுத்தாளாகவே இருக்கின்றன. போட்டி நடந்தது ஆகஸ்ட் 6. தலைப்பு: போரை முடிக்க அணுகுண்டு போட்டது சரியா, தவறா. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு "சரி" வந்தது, என் பக்கத்து இருக்கைச் சரசுவுக்குத் "தவறு". போர் நீண்டிருந்தால் இரு பக்கமும் இன்னும் பல மடங்கு பேர் இறந்திருப்பார்கள், ஒரே அடியில் முடித்ததால் அத்தனை உயிரும் மிச்சம் என்று கையை நீட்டி நீட்டிப் பேசினேன். பலத்த கைதட்டல். சரசு பாதியில் தடுமாறினாள். குண்டு விழுந்த அந்த ஊர்ப் பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மட்டும் இரண்டு தரம் சொல்லிவிட்டு இறங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டை போடுகிறவர்கள் பிள்ளைகளைக் கேட்டுவிட்டா போடுவார்கள்?

எங்கள் தோட்டம் காரமடைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரே கிணறு, நாள்விட்டு நாள் தண்ணீர் முறை. முறை தவறியது என்று எட்டு வருடமாகச் சண்டை. எங்கள் பக்கத்தில் அரிவாளை ஓங்கினாலும் "ங்க" போட்டுத்தான் ஓங்குவார்கள். அப்படி மரியாதையாக ஓங்கிய ஒரு வெட்டு அப்பாவின் தோளில் தழும்பாக இருந்தது. மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் மட்டும் இரண்டு முறைக்காரர்களும் தலையிடுவதில்லை. காலனியின் பதினொரு வீட்டுக்காரர்களும் அதில்தான் குடம் நிறைத்தார்கள். சரசுவின் வீடு அதில் ஒன்று. அவள் அம்மா எங்கள் காட்டில்தான் களை எடுத்தார்.

பரிசு வாங்கி வந்த அன்று சோறு தின்னும்போது என்னை முழுப் பேச்சையும் பேசச் சொல்லிக் கேட்டார் அப்பா. கை காயும்வரை தட்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி சொல்றதுதான் சரி. இப்படியே இழுத்துட்டுக் கெடந்தா ரெண்டு ஊட்லயும் எழவு உளும். ஒரே அடியா முடிச்சுப்போடோணும்."

எங்கள் பேச்சில் எல்லாவற்றுக்கும் "போட்டு" உண்டு. தின்னுபோட்டு, தூங்கிப்போட்டு. நானும் ஒரு சிரிப்புச் சிரித்துப்போட்டு எழுந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மேற்குக் காட்டில் அப்பா தனியாகப் போட்ட போர்வெல்லில் நல்ல தண்ணீர் விழுந்தது. பதினான்காம் தேதி மாலை நாலரைக்கு, பொதுக் கிணற்றைத் தகர்க்க, வெடிவைத்துப் பாறை உடைக்கிற தோட்டாக்காரர்கள் வந்தார்கள். அப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். மோட்டாரைக் கழற்றிக்கொள்ளும்படி பெரியப்பாவுக்கு முந்தின நாளே ஆள் விட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் மாடுகளைத் தூரமாகக் கட்டச் சொல்லியிருந்தார். தொட்டியடியில் குடத்தோடு நின்றவர்களிடம், கொஞ்சம் எட்டப் போய் நில்லுங்க என்று சொன்னார். அதுவும் மரியாதையாகத்தான்.

ஐந்து பத்துக்கு முதல் வெடி. மூன்றாவதில் சுற்றுச்சுவர் மொத்தமும் உள்ளே சரிந்தது, தொட்டியும் கூடவே போனது. புழுதி அடங்கியபோது பெரியப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"முடிச்சுப்போட்டயேடா."

"ஆமாங்ணா. இனி ஒருத்தரும் வெட்டிக்கிட்டுச் சாக வேண்டியதில்லீங்க."

அது பொய்யாகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் யாரையும் வெட்டவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து கரும்புகூட வந்தது. காலனிக்கு அடுத்த தண்ணீர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து அடிபம்பு. பல வருடம் கழித்து நடந்து அளந்தேன்: ஒன்றேகால் மைல். காலையில் நான்கு நடை, மாலையில் இரண்டு. சரசுவின் அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அந்த ஆறு நடையும் அவளுடையவை. செப்டம்பரில் டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார்.

போன வாரம் காந்திபுரத்தில் எங்கள் அலுவலகத்தில் டீ நேரத்தில் எங்கோ நடக்கிற போரைப் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவர் படித்தவர், நல்லவர், நான் மதிக்கிறவர். "ஒண்ணு போட்டா முடிஞ்சுபோயிருமுங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. எனக்கு வயது ஐம்பது. பதில் தெரியும். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினேன்.

அன்று, கிணறு சரிந்ததற்கு மறுநாள், 1987 ஆகஸ்ட் 15, எழுந்ததும் முதல் வேலையாக டைரியைத் திறந்தேன். புதுப் பேனாவால் முந்தின நாள் பக்கத்தில் எழுதினேன்: "கிணற்றுச் சண்டை முடிந்தது. யாருக்கும் காயம் இல்லை." எழுதி முடிக்கும்போது சரசு காலிக் குடத்தோடு வேலியோர இட்டேரித் தடத்தில் போனாள். கொடியேற்றத்துக்கு நேரமாச்சே, பள்ளிக்கூடம் வரலையா என்று கேட்டேன்.

"நீ முன்னால போ. இதைக் கொண்டாந்து ஊத்திப்போட்டு வாரேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, மை காயும்வரை அந்த வரியின்மேல் ஊதிக்கொண்டிருந்தேன்.